அரைகுறையாகப் பிறந்த வண்டி

சாதாரணமாக மோட்டார் வண்டி வாங்குகிறவர் பணத்தைக் கட்டிச் சாவியைப் பெற்றுக்கொண்டதும் தம் காரியம் முடிந்தது என்று நினைக்கிறார். காடும் மலையும் ஏறும் நான்கு சக்கர இழுவை வண்டிக்கு முன்பணம் கட்டியவருக்கோ அன்றிலிருந்துதான் காரியமே தொடங்குகிறது. வண்டி வந்துசேர மாதக்கணக்கில் ஆகும் என்று விற்பனைக் கூடத்தார் கைவிரித்துவிட, அந்த இடைக்காலம் முழுவதும், முன்புறத்தில் எந்தக் கம்பித் தடுப்பு, கூரைமேல் எந்தச் சட்டம், சக்கரத்துக்கு எந்த டயர், சேற்றில் புதைந்தால் இழுத்துக்கொள்ள எவ்வளவு பலமுள்ள விஞ்ச் என்று பட்டியல் எழுதுவதும் அடிப்பதும் மீண்டும் எழுதுவதுமாக அவருடைய மாலைப் பொழுதுகள் கழிகின்றன. பணம் மிகுந்த நகரவாசிகளைப் பிடித்த புதுப் பைத்தியம் என்று இதை ஒதுக்கிவிடுவது எளிது. ஆயினும், இவ்வகை வண்டியின் பூர்வோத்தரத்தைச் சற்றே புரட்டிப் பார்ப்பவருக்கு, காத்திருப்பதும் குறையை நிரப்புவதும் அதன் பிறவியோடு ஒட்டி வந்த குணங்கள் என்பதும், பட்டியல் எழுதிய கைகள் மாறியபோதெல்லாம் பட்டியலின் நோக்கமும் மாறிவந்தது என்பதும் விளங்கும்.

முதன்முதலில் காத்திருந்தது அமெரிக்க ராணுவம். ஜெர்மானியப் படைகள் பிரான்ஸைப் பணியவைத்த சில வாரங்களுக்குள், 1940ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில், குதிரையும் மோட்டார் சைக்கிளும் செய்துவந்த வேலையை எந்த நிலத்திலும் செய்யக்கூடிய சிறு வண்டி ஒன்று வேண்டுமென்று அது 135 கம்பெனிகளுக்கு எழுதியது. மாதிரி வண்டியை 49 நாட்களில் கொண்டுவந்து நிறுத்த வேண்டும் என்ற நிபந்தனையைக் கண்டு பெரிய கம்பெனிகள் ஒதுங்கிக்கொள்ள, பென்ஸில்வேனியா மாநிலத்துப் பட்லர் என்னும் ஊரில் ஏறக்குறைய மூடுவிழாவை எதிர்நோக்கியிருந்த பான்டம் என்ற சிறு கம்பெனி மட்டுமே அந்தக் கெடுவை ஒப்புக்கொண்டது. அது அமர்த்திய கார்ல் ப்ராப்ஸ்ட் என்னும் பொறியாளர் வரைபட வேலையை இரண்டே நாட்களில் முடித்தார். செப்டம்பர் 23ஆம் தேதி, கெடு முடிய இன்னும் அரை மணி நேரமே இருக்கையில், மேரிலாந்திலுள்ள ஹோலபர்ட் முகாமுக்குள் அவ்வண்டி வந்து சேர்ந்தது. அதன் பிறகு நடந்தது அவ்வளவு நியாயமாக இல்லை. படைக்கு வேண்டிய எண்ணிக்கையில் செய்து கொடுக்கும் சக்தி பான்டத்துக்கு இல்லையென்று கருதிய ராணுவம், அதன் வரைபடங்களை வில்லிஸ், ஃபோர்டு என்னும் கம்பெனிகளுக்குத் திறந்து காட்டியது. யுத்தம் முடிவதற்குள் அவ்விரண்டும் சேர்ந்து ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட ஜீப்புகளைச் செய்துவிட, மூல வண்டியைப் படைத்தவர்கள் ராணுவ வண்டிகளுக்குப் பின்னால் கோத்து இழுக்கும் டிரெய்லர்களைச் செய்து காலம் தள்ளினார்கள்.

அந்த யுத்த ஜீப்பைப் பார்க்கும் ஒருவர் முதலில் கவனிப்பது அதில் இல்லாதவற்றைத்தான். கதவுகள் கிடையா. கூரை என்பது வேண்டும்போது விரித்து வேண்டாதபோது மடித்துவிடும் படுதா. 60 குதிரைத் திறனுள்ள எஞ்சினும், நான்கு சக்கரங்களுக்கும் பலத்தைப் பகிர்ந்து தரும் கியர்ப் பெட்டியும், உட்கார இடமும் தவிர மற்றவையெல்லாம் எடையைக் கூட்டும் பாரங்களாகவே கருதப்பட்டன. ஆகையால், எந்தப் போர்க்களத்துக்கு அது போய்ச் சேர்ந்ததோ அங்கிருந்தவர்களே தங்கள் தேவைக்கேற்ப அதைப் பூர்த்தி செய்துகொண்டார்கள். லிபியப் பாலைவனத்தில் பகைவரின் விமானத் தளங்களை 1942இல் தாக்கித் திரிந்த பிரிட்டிஷ் படையினர், ரேடியேட்டருக்குக் காற்று தாராளமாகப் போகவேண்டுமென்று முகப்புக் கம்பிகளில் பெரும்பாலானவற்றை வெட்டி எறிந்துவிட்டு, கொதித்து ஆவியாகும் நீரைக் குளிர்வித்து மீண்டும் சேமிக்கும் பாத்திரம் ஒன்றை முன்னால் பொருத்தினார்கள். மணலில் சக்கரம் புதைந்தால் அடியில் போட்டு ஏறிவர உதவும் இரும்புத் தகடுகளும் அந்தப் பாலைவனத்தின் கொடையே. ரால்ஃப் பாக்னால்ட் என்ற ராணுவ அதிகாரி, யுத்தத்துக்குப் பல ஆண்டுகளுக்கு முன்பு பொழுதுபோக்காக அப்பாலைவனத்தைச் சுற்றிய காலத்தில், கெய்ரோவின் பழைய இரும்புக் கடை ஒன்றில் கிடைத்த பதுங்குகுழிக் கூரைத் தகடுகளை இந்தக் காரியத்துக்குப் பயன்படுத்திப் பார்த்தார். இன்று ஆரஞ்சு வண்ணப் பிளாஸ்டிக்கில் வார்க்கப்பட்டுக் கூரைச் சட்டத்தின் ஓரத்தில் கட்டப்பட்டு, பெரும்பாலும் மணலையே காணாமல் வெயிலில் வெளுத்துப்போகும் பலகைகளுக்கு மூதாதை அந்தத் தகடுதான்.

இத்தாலியிலும் பிரான்ஸிலும் பூர்த்தி செய்யவேண்டியிருந்த குறை வேறு. கண்ணாடிச் சட்டத்தை முன்னால் மடக்கிவிட்டு ஓடும் ஜீப்பில் இருப்பவர்களின் கழுத்து மட்டத்துக்குச் சாலையின் குறுக்கே ஜெர்மானியர் மெல்லிய கம்பியை இழுத்துக் கட்டிவைத்தார்கள். அதற்கு மாற்றாக, முன் பம்பரில் ஆளுயரத்துக்கு ஓர் இரும்புக் கோணச் சட்டத்தைச் செங்குத்தாகப் பற்றவைத்து, அதன் நுனியைச் சற்றே முன்னோக்கி வளைத்து, கம்பி அதில் சிக்கி அறுந்துபோகும்படி செய்தார்கள். அழகுக்காகச் சேர்த்ததென்று ஒருவரும் சொல்லத் துணியாத உறுப்பு அது.

இவை எல்லாவற்றிலும் விசித்திரமான சரித்திரம் படைத்தது, இன்று வண்டியின் பின்புறத்தில் தொங்கி அதற்கு வீரக்களை கொடுக்கும் தகரக் கலம். 20 லிட்டர் பெட்ரோல் கொள்ளும் அந்த ஜெர்ரி கேனை யுத்தத்துக்கு முன்பே ஜெர்மானியர் ரகசியமாகச் செய்து குவித்து வைத்திருந்தார்கள். அதன் தலையில் ஒன்றுக்கு மூன்றாகக் கைப்பிடிகள் இருப்பது அலங்காரத்துக்காக அன்று. நிறைந்த கலமாக இருந்தால் இருவர் ஆளுக்கொரு பக்கப் பிடியைப் பற்றித் தூக்கலாம். காலியானவையாக இருந்தால் ஒருவனே ஒரு கைக்கு இரண்டாக நான்கைக் கொண்டுபோகலாம். பெட்ரோல் ஊற்றும்போது காற்று உள்ளே புக ஒரு சிறு குழாயும், நிறைந்திருந்தாலும் நீரில் மிதக்கும்படி மேலே ஒரு காற்றறையும் அதற்குண்டு. இதற்கு நேர்மாறாக, பிரிட்டிஷார் பாலைவனத்துக்கு அனுப்பிய நான்கு காலன் தகர டின்களோ, ஒரு குலுங்கலில் நெளிந்து மறு குலுங்கலில் ஒழுகும் தன்மையன; கிடங்கிலிருந்து வண்டிக்குப் போய்ச் சேருமுன் பெட்ரோலில் நூற்றுக்கு முப்பது பங்கு வீணாகிறது என்று அங்கே சேனாதிபதியாக இருந்த ஆக்கின்லெக் கணக்கிட்டார்.

இந்தக் கலத்தின் ரகசியம் வெளியே கசிந்த வழி ஒரு சுற்றுலாப் பிரயாணம் என்றால் நம்புவது கடினம். பெர்லினில் வேலை பார்த்த பால் ப்ளைஸ் என்ற அமெரிக்கப் பொறியாளர், 1939இல் தாமே தயாரித்த மோட்டார் வண்டி ஒன்றில் தரைமார்க்கமாக இந்தியாவுக்குப் போவதென்று ஒரு ஜெர்மானிய நண்பரையும் கூட்டிக்கொண்டு புறப்பட்டார். குடிதண்ணீருக்குப் பாத்திரம் இல்லையே என்ற கவலை எழுந்தபோது, டெம்பிள்ஹாஃப் விமான நிலையத்துக் கையிருப்பை அறிந்திருந்த அந்நண்பர் அங்கிருந்து மூன்று கலங்களை எடுத்து வந்து வண்டியின் அடியில் பொருத்தினார். பாதி வழியில் நண்பரை ஜெர்மானிய அரசு திரும்ப அழைத்துக்கொண்டது. அவரோ பிரியுமுன் கலத்தின் செய்முறை முழுவதையும் ப்ளைஸிடம் சொல்லிவிட்டார். ப்ளைஸ் தனியே கல்கத்தா வரை வந்து, வண்டியை அங்கேயே கிடங்கில் விட்டுவிட்டு ஊர் திரும்பி, தம் நாட்டு ராணுவத்திடம் இதன் பெருமையை எடுத்துரைத்தபோது முதலில் அதைக் கேட்பாரில்லை. பயணத்துக்குப் புறப்படும் ஒருவர் வண்டியில் என்னென்ன கட்டிக்கொள்வது என்று போட்ட பட்டியல் ஒன்று யுத்த தந்திரத்தோடு இவ்வளவு நெருங்கி உறவாடியதற்கு வேறு உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

யுத்தம் ஓய்ந்ததும் பட்டியல் சிப்பாயின் கையிலிருந்து குடியானவன் கைக்கு வந்தது. 1945இல் வில்லிஸ் கம்பெனி பொதுமக்களுக்கென்று வெளியிட்ட சி.ஜே.-2ஏ ஜீப்பில் விலைக்குள் அடங்கியது ஓட்டுகிறவரின் ஆசனம் ஒன்றே. பக்கத்து ஆசனத்துக்குத் தனி விலை. பின் ஆசனத்துக்கும் படுதாவுக்கும் தனி விலை. அவற்றோடு முடிந்ததா? எஞ்சினின் பலத்தை வெளியே எடுத்து அறுவை மெஷினையும் பம்பையும் ஓட்டத் தனிச் சாதனம், பெல்ட் உருளை, பின்புறத்தில் கலப்பையைத் தூக்கியிறக்க நீரழுத்தக் கருவி, புல்வெட்டி, பரம்பு, பனியைத் தள்ளும் தகடு, பற்றவைக்கும் கருவி, உஷ்ணப் பிரதேசங்களுக்கான ரேடியேட்டர், கதிரடிக்கும் களத்தில் உமியும் பதரும் புகாதிருக்க வலை என்று அதன் விலைப்பட்டியல் நீண்டது. மூன்றாண்டு கழித்து, 1948 ஏப்ரல் 30ஆம் தேதி ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் இங்கிலாந்தின் லேண்ட் ரோவர் வெளியானபோதும் இதே கதைதான். ஆங்கில்ஸி தீவிலிருந்த தம் நிலத்தில் ஒரு பழைய யுத்த ஜீப்பை வைத்துக்கொண்டு உழைத்த மாரிஸ் வில்க்ஸ், அது ஒருநாள் உயிரை விட்டால் மாற்றாக வாங்க வேறொன்றும் இல்லையே என்று உருவாக்கியது அந்த வண்டி. எஃகுக்குப் பங்கீடு இருந்தமையால் உடல் அலுமினியக் கலவையில் அமைந்தது. கதவும் கூரையும் வேண்டுபவர் தொடக்கத்தில் தனியே காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டியிருந்தது. கதவே உபரிச் சாமானாக இருந்த காலம் ஒன்று இருந்தது என்பதை, இன்றைய வண்டியில் கதவோரத்து விளக்கின் நிறம் பற்றித் தர்க்கம் செய்பவர்கள் அறிந்தால் திகைப்பார்கள்.

பாரதத்துக்கு ஜீப் வந்தது பர்மா யுத்தத்தின் வழியாக. அஸ்ஸாம், மணிப்பூர் எல்லைகளில் சாலையற்ற காடுகளில் உழைத்ததோடு, சில இடங்களில் டயரைக் கழற்றிவிட்டு இரும்புச் சக்கரம் மாட்டப்பட்டுத் தண்டவாளத்தின் மேல் ரயில் பெட்டிகளையும் அது இழுத்தது. சமாதானத்துக்குப் பின் ‘மிலிட்டரி டிஸ்போஸல்’ என்ற பெயரில் ஏலத்துக்கு வந்த அத்தகைய ஜீப்புகளே நம்மவர் முதலில் வாங்கியவை. அதே காலத்தில் சர்க்காரும் ஜீப்புக்காகக் காத்திருந்து ஏமாந்தது. காஷ்மீரில் யுத்தம் நடந்துகொண்டிருந்த 1948இல், லண்டனில் ஹை கமிஷனராக இருந்த வி. கே. கிருஷ்ண மேனன் வழக்கமான நடைமுறைகளைக் கடந்து ஓர் அந்நியக் கம்பெனியோடு ஏறக்குறைய 80 லட்சம் ரூபாய்க்கு ஒப்பந்தம் செய்தார். பணத்தின் பெரும்பகுதி முன்கூட்டியே போய்விட, எதிர்பார்த்த வண்டிகளில் 155 மட்டுமே வந்திறங்கின. பார்லிமெண்டில் பலத்த கண்டனம் எழுந்தது, விசாரணையும் நடந்தது, 1955இல் விவகாரத்தை முடித்துக்கொண்டதாக சர்க்கார் அறிவித்தது. சுதந்திர பாரதத்தின் முதல் ஊழல் புகார் என்று பேர்பெற்றது, முன்பணம் கட்டியும் வந்து சேராத ஜீப்புகளைப் பற்றியது என்பதைக் கவனிக்க வேண்டும்.

இங்கேயே ஜீப்பைப் பொருத்தும் எண்ணம் கே. சி. மஹிந்திராவுக்கு உதித்தது, யுத்த காலத்தில் அவர் வாஷிங்டனில் இந்தியக் கொள்முதல் குழுவின் தலைவராக இருந்தபோது, ஜீப்பின் எஞ்சினை உருவாக்கிய பார்னி ரூஸைச் சந்தித்ததன் விளைவு என்பார்கள். அவரும் அண்ணன் ஜே. சி. மஹிந்திராவும் மாலிக் குலாம் முகம்மதுவும் கூடி 1945இல் தொடங்கிய ஸ்தாபனத்துக்கு மஹிந்திரா அண்டு முகம்மது என்று பெயர். தேசம் பிரிந்தது, குலாம் முகம்மது பாகிஸ்தானின் முதல் நிதி மந்திரியாகவும் பின்னர் அதன் கவர்னர் ஜெனரலாகவும் ஆனார், 1948இல் கம்பெனி பெயரை மாற்றிக்கொண்டு, மறு ஆண்டே பம்பாய் மஜ்காவில் வில்லிஸ் ஜீப்புகளைப் பொருத்தித் தரத் தொடங்கியது. அங்கிருந்து வெளிவந்த ஜீப்பும் பண்டைய வழக்கப்படி அரைகுறையாகவே வந்தது. தாசில்தாருக்கும் வட்டார வளர்ச்சி அதிகாரிக்கும் போன ஜீப்பில் சர்க்கார் முத்திரையும் பின்புறத்து நீள் பெஞ்சுகளும் சேர்ந்தன. போலீஸுக்குப் போனதில் கம்பி வலை சேர்ந்தது. தேர்தல் காலத்தில் வாடகைக்கு எடுக்கப்பட்டதில் ஒலிபெருக்கிக் குழாயும் கொடியும் சேர்ந்தன.

சொந்தத்துக்கு வண்டி வேண்டியவர் கதி வேறு. 1959இல் பிறந்த கட்டுப்பாட்டு உத்தரவு மோட்டார் கார்களின் விநியோகத்தையும் விற்பனையையும் சர்க்கார் கைக்குள் வைத்துக்கொண்டது; ஸ்கூட்டருக்கும் அவ்வாறே. ஒரு காருக்கும் ஸ்கூட்டருக்கும் ஆண்டுக்கணக்கில் காத்திருப்பது மத்தியதர வர்க்கத்தின் அன்றாட அனுபவமாயிற்று. ஆனால் அந்தக் காத்திருப்பில் இன்றைய பட்டியலுக்கு இடமே இல்லை. வண்டி வருமா என்பதே கவலையாக இருக்கையில், வந்தபின் அதில் என்ன மாட்டுவது என்று யார் நினைப்பார்? கனவுக்கும் ஒரு குறைந்தபட்ச நிச்சயம் வேண்டியிருக்கிறது.

அக்காலந்தொட்டு இன்றுவரை ஜீப் தன் பழைய தொழிலைக் கைவிடாத இடம் நமக்குச் சமீபத்திலேயே உண்டு. போடிநாயக்கனூரிலிருந்தும் கம்பத்திலிருந்தும் விடியுமுன் புறப்பட்டு, போடிமெட்டு, கம்பம்மெட்டு வழியாக இடுக்கி மாவட்டத்து ஏலத் தோட்டங்களுக்குக் கூலியாட்களை ஏற்றிச் செல்லும் ஜீப்புகளைத்தான் சொல்கிறேன். போடியிலிருந்து மலையேறும் சாலையின் 17 கொண்டையூசி வளைவுகளை அவை பகலிலும் பனியிலும் அளந்துகொண்டே இருக்கின்றன. தமிழ்நாட்டு எல்லைக்குள் இருந்தும் கேரளத்துச் சூரியநெல்லி வழியாகவே வண்டி போகக்கூடிய கொழுக்குமலைக்கு, கல்லும் பள்ளமுமான அந்தப் பாதையில் ஏறுவன அவற்றின் உறவு ஜீப்புகளே. இவ்வண்டிகளின் துணைச் சாமான்கள் சொற்பம்: தொத்திக்கொள்ளப் பின்புறத்தில் ஒரு படி, மேலே கூடைக்கும் மூட்டைக்கும் கம்பிச் சட்டம், பக்கவாட்டில் சுருட்டிக் கட்டிய படுதா, ஆசனத்தின் அடியில் ஒரு கயிறு, ஏற்றத்தில் நிறுத்தும்போது சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்க ஒரு மரக்கட்டை. எதைச் சேர்த்தாலும் ஓர் ஆளுக்கான இடமோ ஒரு மூட்டைக்கான எடையோ குறையும் என்ற கணக்கு அங்கே ஆட்சி செய்கிறது.

கணக்கை உதறிவிட்டு அலங்காரம் ஓடிய இடங்களும் உண்டு. பிலிப்பைன்ஸ் தீவுகளில் அமெரிக்கர் விட்டுப்போன ஜீப்புகளைப் பின்புறம் நீட்டி, எதிரெதிரே பெஞ்சு போட்டு, பளபளக்கும் தகடும் வண்ணச் சித்திரமும் பானெட்டின் மேல் உலோகக் குதிரைகளுமாக அந்நாட்டார் படைத்த ஜீப்னியில், மூல ஜீப் எங்கே என்று தேடத்தான் வேண்டும். ஹரியானாவின் பஞ்சாப் எல்லையில் உள்ள மண்டி டப்வாலியில், பழைய ஜீப்பைப் பிரித்து, அகன்ற டயரும் புதிய உடலும் திறந்த கூரையுமாகச் செய்து தருவதே ஒரு குடிசைத் தொழிலாக வளர்ந்து, கல்யாண ஊர்வலத்துக்கும் கிராமத்துப் பெருமைக்கும் வடக்கெங்கும் வண்டிகளை அனுப்பியது. சென்னையில் புதுப்பேட்டையும் ஜெனரல் பாட்டர்ஸ் சாலையும், பெங்களூரில் ஜே. சி. சாலையும் அதே தாகத்தைச் சிறு அளவில் தீர்த்துவைக்கின்றன.

தேவையால் பிறந்த உறுப்பு அலங்காரமாவதற்கு ஜப்பானிய ஜிம்னி ஒரு நல்ல சாட்சி. 1970இல் சுசூகி அதை முதலில் விற்பனைக்கு விட்டபோது 359 சி.சி. எஞ்சினோடு, மூன்று மீட்டருக்கு மேற்படக்கூடாது என்ற சட்டத்துக்குள் நீளத்தை அடக்குவதற்காக, உபரிச் சக்கரத்தை வெளியே மாட்டாமல் உள்ளே ஒருவர் உட்காரும் இடத்தில் வைத்தார்கள், வண்டி மூவருக்கானதாயிற்று. இப்போதோ பின்கதவில் சக்கரம் தொங்குவதே அதன் அடையாளம். அந்த ஜிம்னியின் ஐந்து கதவு வடிவம் நம் குருகிராமில் செய்யப்பட்டு ஜப்பானுக்குக் கப்பலேறி, 2025 ஜனவரி 30இல் அங்கே விலை அறிவிக்கப்பட்டது. மாதம் 1,200 வண்டி விற்பதென்று திட்டமிட்டிருந்த கம்பெனி, நாலைந்து நாட்களுக்குள் சுமார் 50,000 பேர் கேட்டுவிட்டதைக் கண்டு முன்பதிவையே நிறுத்தி வைத்தது. திட்டமிட்ட வேகத்தில் கொடுத்திருந்தால் கடைசி மனிதர் மூன்றரை ஆண்டு காத்திருக்க நேர்ந்திருக்கும். இங்கேயும் அப்படித்தான். 2024 அக்டோபர் 3ஆம் தேதி மஹிந்திரா தார் ராக்ஸுக்கு முன்பதிவு திறந்தபோது முதல் ஒரு மணி நேரத்தில் பதிந்தவர்கள் 1,76,218 பேர். கட்டுப்பாட்டு உத்தரவால் காத்திருந்த தகப்பனாரின் பிள்ளைகள் இன்று ஆசையின் பெருக்கத்தால் காத்திருக்கிறார்கள். வண்டி நிச்சயம் வரும் என்பதால் பட்டியலும் கூடவே வளர்கிறது.

அந்தப் பட்டியலைப் பற்றி என் அபிப்பிராயத்தையும் சொல்லிவிடுகிறேன். எஞ்சின் மூச்சுவிடும் வாயைக் கண்ணாடியின் உயரத்துக்குத் தூக்கிவைக்கும் ஸ்நார்க்கல் என்னும் குழாய், ஆற்றைக் கடப்பவனுக்கு அவசியம். வேகத்தடையைத் தவிர வேறு மேட்டைக் காணாத நகரத்து வண்டிக்கு அநாவசியம் என்று எழுதத்தான் நினைத்தேன். 2015இலும் 2023இலும் டிசம்பர் மாதத்து வெள்ளத்தில் சென்னையைப் பார்த்தவன் அவ்வாறு எழுதத் தயங்குகிறான். எனினும் அக்குழாய் காப்பது எஞ்சினின் மூச்சை மட்டுமே. கதவிடுக்கில் புகும் நீரையும் நனையும் மின்கம்பிகளையும் அது அறியாது. கம்பெனி கொடுத்ததைவிடப் பெரிய டயர் மாட்டினால் நிலத்துக்கும் வண்டிக்கும் இடைவெளி கூடுவது மெய். வேகமானி உண்மையைக் குறைத்துக் காட்டுவதும், பிரேக்குக்கும் எஞ்சினுக்கும் பாரம் ஏறுவதும் அவ்வளவே மெய். கூரைமேல் ஏற்றும் ஒவ்வொரு பாரமும், ஏற்கெனவே உயர்ந்து நிற்கும் வண்டியைச் சரிவில் கவிழும் பக்கம் சாய்க்கிறது.

சட்டமும் சும்மா இருக்கவில்லை. முன்புறக் கம்பித் தடுப்புகள் பாதசாரிக்கு ஆபத்து, காற்றுப்பை வேலை செய்வதற்கும் இடையூறு என்று 2017 டிசம்பரில் மத்திய போக்குவரத்து அமைச்சகம் அவற்றின்மீது நடவடிக்கை எடுக்கும்படி மாநிலங்களுக்கு எழுதியது. உற்பத்தியாளர் கொடுத்த மூல அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றலாகாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவுக்கு 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட் பொருள் உரைத்தது. ஆகவே, மாதக்கணக்கில் வளர்ந்த பட்டியல் வண்டி வரும் வாரத்தில் தேயத் தொடங்குகிறது. கம்பித் தடுப்பைச் சட்டம் எடுத்துக்கொள்கிறது. பெரிய டயரை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் மீதுள்ள பயம் எடுத்துக்கொள்கிறது. கூரை விளக்குகளைத் தெரிவித்துத் தனிப் பிரீமியம் கட்ட வேண்டும் என்னும் இன்ஷூரன்ஸ்காரர் அவற்றை எடுத்துக்கொள்கிறார். விஞ்சின் விலையைக் கேட்ட வீட்டார் மீதியைப் பார்த்துக்கொள்கிறார்கள். சாவி கைக்கு வரும் நாளில் எஞ்சி நிற்பவை பெரும்பாலும் காலடி விரிப்புகளும் ஓர் இழுவைக் கயிறும்தான்.